பழைய கட்டடத்துக்குப் புது வேலை

நுவரெலியாவுக்குப் போய்வந்த எவருடைய கைபேசியைத் திறந்தாலும் அந்தச் செங்கல் கட்டடம் இருக்கும். செங்குத்தான கூரை, அதற்கும் மேலே எழுந்து நிற்கும் கோபுரம், முன்னால் கம்பளிச் சட்டையோடு நிறுத்திவைக்கப்பட்ட பிள்ளைகள். ஏப்ரல் சீசனில் அந்த இடத்தில் படம் எடுக்கவே காத்து நிற்க வேண்டும். படம் எடுத்தவர்களில் பாதிப் பேர் உள்ளே போவதில்லை. போனால் தெரியும், அது ஒரு தபாலகம். வெள்ளைக்காரர் காலத்தில் 1894இல் கட்டியது. இன்றைக்கும் அங்கே முத்திரை விற்கிறார்கள், பதிவுத் தபால் எடுக்கிறார்கள். பரீட்சைக் கட்டணம் கட்ட வந்த மாணவியும், பொலிஸ் எழுதிக் கொடுத்த தண்டப்பணத்தைக் கட்ட வந்த லொறிச் சாரதியும் முன்னும் பின்னுமாக வரிசையில் நிற்கிறார்கள்.

2023இல் இந்தக் கட்டடத்தைச் சுற்றுலா ஹோட்டலாக்க அரசு எண்ணியது. கொழும்பில் தாஜ் சமுத்ராவை நடத்தும் குழுமத்துக்குக் கொடுப்பதாகப் பேச்சு. தபால் சேவை வேறு இடத்துக்குப் போகும், கட்டடம் நன்றாகப் பராமரிக்கப்படும், நாட்டுக்கு டொலர் வரும் என்பது அரசின் கணக்கு. 2022 பொருளாதார நெருக்கடியிலிருந்து நாடு இன்னும் எழும்பாத நேரம் அது. டொலர் என்றாலே எல்லோரும் காது கொடுத்துக் கேட்டார்கள். தபால் தொழிற்சங்கங்கள் மட்டும் கேட்கவில்லை. நவம்பரில் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தன. 2024இல் ஆட்சி மாறியபின் திட்டம் கைவிடப்பட்டது. கட்டடம் தபால் திணைக்களத்தின் கையிலேயே இருக்கிறது.

அரசியலை அதோடு விட்டுவிடுவோம். எனக்குச் சுவையாகப் பட்டது வேறொன்று. அந்த நாட்களில் பஸ்ஸிலும் தேநீர்க் கடையிலும் இதைப் பற்றிப் பேசிய எல்லோரும், கொடுக்கலாம் என்றவர்களும் கூடாது என்றவர்களும், ஒரே இடத்தில் கொஞ்சம் குழம்பியிருந்தார்கள். பொதுச் சொத்தாக இருக்கும் பழைய கட்டடம் ஒன்றுக்கு வேறு வேலை கொடுப்பது என்றால் உண்மையில் என்ன நடக்கிறது? ஒவ்வொரு படியாக ஏறிப் பார்ப்போம். அவசரமில்லை, இன்னொரு பிளேன்டீ சொல்லிக்கொள்ளலாம்.

முதலில் நுவரெலியாவிலிருந்து கந்தப்பளைக்குப் போவோம். அங்கே ஹெதர்செட் தோட்டத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை இருந்தது; தோட்டத்துப் பேச்சில் ‘ஸ்டோர்’. 1930களில் கட்டியது. 1970களின் தொடக்கத்தில் மூடிவிட்டார்கள். இருபது வருடங்களுக்கு மேல் மலைமுகட்டில் தகரமும் இரும்புமாக அது சும்மா நின்றது. பிறகு எயிட்கன் ஸ்பென்ஸ் நிறுவனம் எடுத்து ஹோட்டலாக மாற்றி 1996இல் திறந்தது. 2001இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருதுகளில் அதற்கு ஒரு பாராட்டும் கிடைத்தது. இலங்கையில் பழைய கட்டடத்தை மாற்றிப் பயன்படுத்துவது பற்றிப் பேச்செடுத்தால் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் விடமாட்டார்.

அது ஏன் அவ்வளவு நன்றாகப் பொருந்தியது என்பதற்கு ஸ்டோரின் வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பறித்த கொழுந்து வந்ததும் அதை நேராக மெஷினில் போட முடியாது. பச்சையாக இருக்கும் இலை அரைபடும்போது நொறுங்கிப்போகும். அதனால் பல மணி நேரம் மெல்லிசாகப் பரப்பிவைத்து, அதிலுள்ள ஈரம் குறைந்து இலை துவளும்வரை விடுவார்கள். இதற்குப் பெயர் வாட்டுதல். அதற்குக் காற்று வேண்டும், நிறைய இடமும் வேண்டும். ஆகவே ஸ்டோரின் மேல்மாடிகள் எல்லாம் வாட்டுவதற்கே. உள்சுவர்கள் குறைந்த நீண்ட தளங்கள், சுற்றிவர வரிசை வரிசையாக ஜன்னல்கள். பாரமான மெஷின்களும் அடுப்பும் சலிப்பும் தரைத்தளத்தில். மலையகத்தில் எந்தப் பழைய ஸ்டோரைத் தூரத்திலிருந்து பார்த்தாலும் இந்த ஜன்னல் வரிசைதான் முதலில் கண்ணில் படும்.

இப்போது ஹோட்டல் கட்ட வந்தவரின் கண்ணால் அதே மாடியைப் பார்ப்போம். அவருக்குத் தேவை நிறைய அறைகள், ஒவ்வோர் அறைக்கும் ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ஒரு காட்சி. ஸ்டோர் இதை எல்லாம் ஏற்கெனவே தயாராக வைத்திருந்தது. இடையிடையே தடுப்பு வைத்தால் அறைகள் வந்துவிடும். ஐம்பதுக்கும் மேற்பட்ட அறைகள் இப்படித்தான் வாட்டும் மாடிகளில் உருவாயின. உயரமான தரைத்தளம் வரவேற்புக்கும் சாப்பாட்டுக்கும் போனது. பழைய எஞ்சினை அகற்றவில்லை. வெளியே ஒரு பழைய ரயில் பெட்டியைக் கொண்டுவந்து வைத்து அதையும் சாப்பிடும் இடமாக்கியிருக்கிறார்கள். கொஞ்சம் வேடிக்கைதான் என்றாலும் முழுப் பொய் இல்லை: நானுஓயாவிலிருந்து கந்தப்பளை வழியாக ராகலைக்கு ஒருகாலத்தில் குறுகிய பாதை ரயில் ஓடியது.

இதே கதையின் இன்னொரு வடிவம் கண்டிக்கு மேலே ஹந்தானையில் இருக்கிறது. 1925இல் கட்டிய ஸ்டோர். அதுவும் ஓய்ந்து பத்து வருடங்களுக்கு மேல் வெறுமனே கிடந்தது. இலங்கைத் தேயிலைச் சபையும் தோட்டத் துரைமார் சங்கமும் முன்னின்று அதை அருங்காட்சியகமாக்கின. 2001 டிசம்பரில் திறந்தார்கள். கீழே பழைய மெஷின்கள். அதற்கு மேலே புத்தகங்களும், லூல்கந்துரையில் 1867இல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் பொருட்களும். அதற்கும் மேலே தேயிலைக் கடைகள், உச்சியில் உணவகம். இந்த அடுக்கைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். டிக்கெட் காசை மட்டும் நம்பிய அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் கூரை ஒழுகும் நிலைக்கு வந்துவிடும். ஹந்தானையில் கடைகளையும் உணவகத்தையும் சேர்த்தே திட்டமிட்டார்கள்.

ஆக, வேலை ஓய்ந்த இரண்டு ஸ்டோர்கள், இரண்டுக்கும் நல்ல மறுவாழ்வு. இங்கேதான் அந்தக் குழப்பம் நுழைகிறது. கந்தப்பளையில் நடந்ததே, தபாலகத்தில் ஏன் நடக்கக்கூடாது என்று கேட்கிறோம். சுவரை இடிக்கப் போவதில்லை, கோபுரத்தைத் தொடப் போவதில்லை, அப்புறம் என்ன? கட்டடம் பிழைத்துவிட்டதே!

மரபுரிமை என்றால் சுவர் என்று நினைப்பதால் வரும் கேள்வி இது. நாம் எல்லோருமே அப்படித்தான் நினைக்கிறோம். படம் எடுத்துவிட்டு உள்ளே போகாமல் திரும்புகிறவர் மட்டும் இல்லை, சட்டம் எழுதுகிறவர்களும்கூட. ஆனால் கட்டடம் என்பது சுவரும் அதற்குள் நடக்கும் வேலையும் சேர்ந்தது. ஹெதர்செட்டில் சுவர் மட்டும் மிச்சமிருந்தது, வேலை போய் இருபது வருடம். அங்கே புதிய வேலை வந்தபோது யாருடைய வேலையையும் அது தள்ளிவிடவில்லை. நுவரெலியாத் தபாலகத்தில் வேலை உயிரோடு இருக்கிறது. அங்கே புதிய வேலையைக் கொண்டுவர வேண்டுமானால், நடந்துகொண்டிருக்கும் வேலையை முதலில் வெளியே அனுப்ப வேண்டும். இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கிறோம் என்பதற்காக இரண்டும் ஒன்றாகிவிடாது.

இன்னும் கொஞ்சம் இதிலேயே நிற்போம். தபாலகம் ஹோட்டலானால் அந்த வாசலில் யார் நுழைவார்கள்? கதவு அதே கதவுதான், செங்கல்லும் அதே செங்கல்தான். ஆனால் ஹாவா எலியவிலிருந்தும் லபுக்கலையிலிருந்தும் பஸ் ஏறி வந்து, நனைந்த குடையை ஓரமாகச் சாய்த்துவிட்டு, படிவத்தை நிரப்பித் தரச் சொல்லிப் பக்கத்திலிருப்பவரைக் கேட்கும் பெண் அதற்குள் போகமாட்டார். போகக்கூடாது என்று பலகை ஒன்றும் இருக்காது. காவலாளி ஒருவர் இருப்பார், அதுவே போதும். நூற்றுச் சொச்சம் வருடங்களாக யார் வேண்டுமானாலும் நுழையக்கூடியதாக இருந்த அறை, அறைக் கட்டணம் கொடுக்கக்கூடியவரின் அறையாகிவிடும். அந்த நகரத்தில் வெள்ளைக்காரர் கட்டிய எத்தனையோ அழகான கட்டடங்களில் தோட்டத்து மக்கள் கேள்வியில்லாமல் நுழையக்கூடியவை மிகக் குறைவு. தபாலகம் அதில் ஒன்று என்பதே எனக்கு அதன் கோபுரத்தைவிடப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

சிங்கப்பூரில் செய்தார்களே என்று ஒருவர் கேட்பார். செய்தார்கள். ஃபுல்லர்ட்டன் கட்டடம் 1928இல் முடிந்தது, பொதுத் தபாலகம் அதற்குள் இருந்தது, இன்று அது பெரிய ஹோட்டல். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். தபாலகம் 1996இல் அங்கிருந்து போனது. ஹோட்டல் திறந்தது 2001இல். சென்னையில் வேறு மாதிரி. ராஜாஜி சாலையில் 1884இலிருந்து நிற்கும் பொது அஞ்சலகம் 2000இல் தீப்பிடித்தது. அதைச் சாக்காக வைத்து வேறு யாருக்காவது கொடுத்திருக்கலாம். பழுதுபார்த்து மறுபடியும் அஞ்சலகமாகவே நடத்துகிறார்கள்.

பழமையைப் பாதுகாப்பவர்கள் 1964இல் வெனிஸ் நகரில் கூடி எழுதிய சாசனத்தில் இதற்கு ஒரு வழி சொல்லியிருக்கிறார்கள். பழைய கட்டடத்தைச் சமூகத்துக்கு உதவும் ஏதாவது ஒரு வேலைக்குப் பயன்படுத்தினால் அதைப் பேணுவது சுலபம். ஆனால் அந்த வேலைக்காகக் கட்டடத்தின் அமைப்பை மாற்றக்கூடாது. அதாவது கட்டடத்தைப் பூட்டிவைக்கச் சொல்லவில்லை, வேலை கொடுக்கத்தான் சொல்கிறார்கள். பயன் யாருக்கு என்பதையும் கூடவே கேட்கிறார்கள்.

பூட்டிவைப்பதில் உள்ள ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஹோட்டல் வேண்டாம் என்றவர்களில் சிலர் அதை அப்படியே விட்டுவிடுங்கள் என்றார்கள். அப்படியே விடுவது என்று ஒன்று நுவரெலியாவில் கிடையாது. ஆறாயிரம் அடி உயரம், வருடத்தில் பாதி நாள் பனிமூட்டமும் தூறலும். அந்தக் காலத்துச் செங்கல் சுவர்கள் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. சுண்ணாம்பு ஈரத்தை உறிஞ்சும், வெயில் வந்தால் வெளியே விடும். உள்ளே கணப்பு எரிந்த காலத்தில் சுவர் உள்பக்கமிருந்தும் காய்ந்தது. ஆள் நடமாட்டம் நின்று, கதவு ஜன்னல் மூடி, பீலியில் இலை அடைத்து, தண்ணீர் சுவர் வழியே இறங்கத் தொடங்கினால் சில மழைக்காலங்களிலேயே மரத்தில் பூஞ்சை ஏறிவிடும்.

அதைவிட மோசம் நல்லெண்ணத்தோடு செய்யும் பழுது. செங்கல் இடுக்கில் சாந்து உதிர்ந்திருப்பதைப் பார்த்ததும் மேசன் பாஸ் சீமெந்தைக் குழைத்து அடைத்துவிடுவார். பார்ப்பதற்குக் கச்சிதமாக இருக்கும். ஆனால் சீமெந்து ஈரத்தை வெளியே விடாது. நனைந்த சட்டைக்கு மேல் மழைக்கோட்டை மாட்டிக்கொண்ட மாதிரி, உள்ளே இருக்கும் ஈரம் உள்ளேயே நிற்கும். சாந்து வழியாக வெளியேற முடியாத ஈரம் செங்கல் வழியாக வெளியேறப் பார்க்கும். செங்கல்லின் முகம் செதில் செதிலாகக் கழன்று விழும். ஒரு பழைய கட்டடத்துக்குப் போனால் கோபுரத்தைப் பார்ப்பதற்கு முன் செங்கற்களுக்கு நடுவே இருக்கும் கோட்டைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் கெட்டியாக, செங்கல்லைவிடச் சற்றே வெளியே துருத்திக்கொண்டிருந்தால் யாரோ சமீபத்தில் அக்கறையோடு கெடுத்திருக்கிறார்கள்.

சரி, பராமரிக்க வேண்டும், பராமரிக்கப் பணம் வேண்டும். இதில் அரசு சொன்னதை நாம் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. தபால் திணைக்களம் பல வருடங்களாக நட்டத்தில் ஓடிவந்திருக்கிறது. சுண்ணாம்புச் சாந்து தெரிந்த மேசனையும், சரியான அளவில் செங்கல்லையும் தேடிப் பிடிக்க அதனிடம் பணம் எங்கே? கட்டடத்தின் அழகை வைத்து ஊரெல்லாம் சம்பாதிக்கிறது. கேக் கடைக்காரரும் வான்காரரும் அதன் படத்தைப் போடுகிறார்கள். சொந்தக்காரருக்கு வருவது முத்திரைக் காசு.

ஆனால் பணம் வரவேண்டும் என்றால் முழுக் கட்டடத்தையும் கொடுத்தாக வேண்டும் என்று எங்கே இருக்கிறது? ஹந்தானையின் அடுக்கை இப்போது நினைத்துப் பார்ப்போம். ஒரே கட்டடத்துக்குள் சம்பாதிக்கிற தளமும் சம்பாதிக்காத தளமும் ஒன்றாக இருக்கின்றன. தபாலகத்தின் கீழ்த்தளத்தில் கவுண்டர்கள் அப்படியே இருக்கட்டும். மேலே தேவைப்படாத அறைகள் இருந்தால் அவற்றில் ஒரு தேநீர் அறை, தபால் வரலாற்றைச் சொல்லும் ஒரு சிறு காட்சிக்கூடம், உல்லாசப் பயணி அங்கேயே எழுதி அங்கேயே போடக்கூடிய தபாலட்டை மேசை. தேநீர் அறையின் வாடகை அந்தக் கட்டடத்தின் கூரைக்கென்று தனிக் கணக்கில் போக வேண்டும். திறைசேரிக்குப் போய்விட்டால் திரும்பி வராது என்பது அரச கந்தோரில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். இன்னொரு நிபந்தனையும் வேண்டும். செய்கிற மாற்றம் எதுவும் பிறகு கழற்றி எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பலகைத் தடுப்பைக் கழற்றலாம். சுவரை உடைத்துப் பதித்த குளியலறைக் குழாயைக் கழற்ற முடியாது. ஹோட்டல் என்றாலே அறைக்கு ஒரு குளியலறை. பழைய மரத்தளத்தில் அத்தனை தண்ணீரையும் பாரத்தையும் ஏற்றுவதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் நடுக்கம்தான்.

அடுத்த படி, சொத்து யாருடையது என்பது. தபாலகத்தை “விற்கப் போகிறார்கள்” என்றுதான் ஊரில் பேச்சு. பேசப்பட்டது குத்தகை. சொந்தம் அரசிடம், பயன்படுத்தும் உரிமை இன்னொருவரிடம். இது தபாலகத்தோடு நிற்கும் விஷயமும் இல்லை. மலையகத்தில் நாம் பார்க்கும் பழைய கட்டடங்களில் பெரும்பாலானவை இந்த நிலையில்தான் இருக்கின்றன. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டத்தின் கீழ் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1992இல் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் நிர்வாகம் போனது. பிறகு அது 1992இலிருந்து எண்ணப்படும் 53 வருடக் குத்தகையானது. முடிவது 2045இல். ஆகவே ஸ்டோர், பெரிய துரையின் பங்களா, கொழுந்து நிறுக்கும் மடுவம், தொழிலாளர் குடியிருக்கும் லயம் எல்லாம் நிற்பது பெரும்பாலும் அரச காணியில். கம்பனிச் சொத்து என்று தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதனால் என்ன ஆகிறது? ஹட்டன் பக்கம் இருக்கும் சில பழைய பங்களாக்களை எடுத்துக்கொள்வோம். 2005இலிருந்து டில்மா குடும்பத்தின் டீ ட்ரெயில்ஸ் அவற்றை விருந்தினர் விடுதிகளாக நடத்துகிறது. அவற்றில் டியென்சின் பங்களா 1888ஆம் வருடத்தது. அழகாக வைத்திருக்கிறார்கள், மறுக்க முடியாது. பங்களாவை விடுதியாக்குவது சுலபம்; வீடு வீடாகவே இருக்கிறது. துரை போய் விருந்தாளி வந்தார், காலையில் படுக்கைக்குத் தேநீர் கொண்டுபோகும் ஆள் மட்டும் இன்னும் அதே வாசல் வழியாகத்தான் வருகிறார். இப்படிப்பட்ட ஏற்பாடுகளில் நாம் கேட்டுப் பார்க்க வேண்டியது குத்தகைப் பத்திரம் என்ன சொல்கிறது என்பதை. கூரையை யார் மாற்றுவது? எதை இடிக்கலாம், யாரைக் கேட்டு? காலம் முடிந்ததும் எந்த நிலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும்? ஊர்க்காரர் வருடத்தில் ஒரு நாளாவது உள்ளே போகலாமா? விற்பனையா இல்லையா என்று அடித்துக்கொள்வதில் இந்தக் கேள்விகளை யாரும் கேட்காமலே போய்விடுகிறோம். நல்ல குத்தகை கட்டடத்தைக் காப்பாற்றும். மோசமான குத்தகையில் சொந்தம் அரசிடம் இருந்தும் ஒன்றும் மிஞ்சாது.

தொல்பொருள் திணைக்களம் பார்த்துக்கொள்ளாதா? இதுவும் அடிக்கடி வரும் கேள்வி, பதில் கொஞ்சம் சங்கடமானது. நமது தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1940ஆம் ஆண்டினது. பழைய நினைவுச்சின்னம் என்று தானாகவே கணக்கில் வருவதற்கு அதில் ஒரு திகதிக் கோடு போட்டிருக்கிறார்கள்: 1815 மார்ச் 2. கண்டி இராச்சியம் வெள்ளைக்காரர் கைக்குப் போன ஒப்பந்தத்தின் நாள். அதற்கு முந்தைய கட்டடத்துக்குச் சட்டம் தானாகவே குடை பிடிக்கும். பிந்தையதற்கு அமைச்சர் தனியாக வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும்.

இந்தக் கோட்டை மலையகத்தின் மேல் வைத்துப் பாருங்கள். கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியவில் கோப்பித் தோட்டம் தொடங்கியது 1823 வாக்கில். தேயிலை 1867. நானுஓயாவுக்கு ரயில் வந்தது 1885. தபாலகம் 1894. தோட்டத்தோடு சேர்ந்து வந்த ஒரு சமூகத்தின் முழு வரலாறும் கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுகிறது. திட்டமிட்டு வெளியே தள்ளினார்கள் என்று நான் சொல்லவரவில்லை. 1940இல் அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கு 1894 என்பது நேற்று மாதிரி இருந்திருக்கும். ஆனால் விளைவு ஒன்றுதான். மலையகத்துக் கட்டடம் எதுவும் யாராவது ஒருவர் விண்ணப்பித்து, கோப்பு நகர்ந்து, வர்த்தமானியில் வந்தால்தான் பாதுகாக்கப்பட்டதாகும். யாரும் கேட்காத கட்டடம் வெறும் பழைய கட்டடம்.

யாரும் கேட்காதவற்றில் முதலாவது லயம். பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் ஒரு சிறு இஸ்தோப்பு, முதுகோடு முதுகாக ஒட்டிய இன்னொரு வரிசை, மேலே தகரம். இவற்றில் பல, தபாலகத்தோடு வயதில் போட்டி போடக்கூடியவை. ஆனால் எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் லயத்தை மரபுரிமைக் கட்டடம் என்று எழுதமாட்டார்கள்.

நாம் இதுவரை கேட்டுவந்த கேள்வியை லயத்திடம் கேட்டால் அது தலைகீழாகிவிடுகிறது. தபாலகத்தில் பழைய வேலை நடக்கிறது, அது நடக்கவேண்டும். லயத்திலும் பழைய வேலை நடக்கிறது. அது எப்போதோ நின்றிருக்க வேண்டும். ஒரு தலைமுறைக் கூலியாட்களை மழையில் நனையாமல் வைக்கக் கட்டிய காம்பராவில் ஐந்தாம் தலைமுறை பிள்ளை உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறது. இவர்களில் பலருக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்து ஒப்பீசுக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலாவது ஏறி, வந்தால் வரும். நகரத்தில் தபாலகத்துக்காக வேலைநிறுத்தம் நடந்தபோது மேலே லயத்தில் நேர்முகத் தேர்வுக் கடிதம் தேதி கழிந்து வந்து சேர்ந்த கதைகள் எல்லோரிடமும் இருந்தன. மரபுரிமை என்று லயத்தைப் போற்றிப் பேசுகிறவர் இதை ஒரு நிமிடம்கூட மறக்கக்கூடாது. அதற்குள் இருப்பவருக்கு வேண்டியது வீடும் காணி உறுதியும்.

அப்படி வீடு வருகிற இடங்களும் உண்டு. இந்திய உதவியில் தோட்டப் பகுதிக்கு 4,000 வீடுகள், 2017இல் நோர்வூட்டில் பிரதமர் மோடி அறிவித்த மேலும் 10,000 என்று கணக்குகள் இருக்கின்றன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஏழு பேர்ச்சஸ் காணி. மெதுவாகத்தான் நடக்கிறது, ஆனாலும் சில தோட்டங்களில் லயங்கள் காலியாகின்றன. அப்போது அந்தக் காலி லயத்தை என்ன செய்வது? முழுவதையும் உடைத்துவிடுங்கள், அந்த அவமானம் போகட்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு வாதாட எனக்கு வாய் வராது. அவர்கள் அங்கே பிறந்தவர்கள்.

இருந்தாலும் ஒரு லயம் வேறு வழியில் போயிருக்கிறது. கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் ஒரு லயத்தைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாகவும் ஆவணக் காப்பகமாகவும் மாற்றியது. புழங்கிய சாமான்களும் கருவிகளும் படங்களும் பத்திரங்களும் அந்தக் காம்பராக்களிலேயே இருக்கின்றன. ஹந்தானையில் டெய்லரின் பொருட்களைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் தேயிலையின் மறுபாதி தெரியும். கட்டடமாகப் பார்த்தால் அந்த இரண்டு ஸ்டோர்களையும்விட இது எளிமையானது. பெரிய மாற்றம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. காம்பராவின் அளவே காட்சிப்பொருள். உள்ளே நான்கு பேர் ஒரே நேரத்தில் நின்றால் ஐந்தாமவர் இஸ்தோப்பில் நிற்க வேண்டியிருக்கும். எந்த விளக்கப் பலகையும் அதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிடாது.

2045க்கு இன்னும் இருபது வருடம்கூட இல்லை. குத்தகைகள் முடியும்போதோ புதுப்பிக்கும்போதோ ஓய்ந்த ஸ்டோர்கள், ஆளில்லாத பங்களாக்கள், காலி லயங்கள் எல்லாம் பத்திரங்களில் எண்களாக மேசைக்கு வரும். அதற்கு முன் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு பட்டியல் வேண்டும்: எந்தக் கட்டடம், எந்த வருடம், உள்ளே இப்போது என்ன நடக்கிறது, யார் உள்ளே போகிறார்கள். கடைசி இரண்டுக்கும் பதில் தோட்டத்து ஒப்பீசுக் கோப்பில் இருக்காது. உயர்தரம் படிக்கும் பிள்ளைகளை ஒரு கொப்பியோடு அனுப்பினால், ஒரு விடுமுறைக்குள் முக்கால்வாசியை எழுதிக்கொண்டு வந்துவிடுவார்கள்.